முதலாளியின் பிழைதான் முதலில்

வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் கையில் ஒரு போனைத் தந்திருப்பார்கள். அதற்குள் தெரு ஒழுங்கை ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு என்று நிறையப் பெயர்கள் இருக்கும். பேக்கரியின் பாண் வண்டி புறப்படுவதற்கு முன் அந்த வீடுகளுக்கெல்லாம் எடுத்துக் கதைக்க வேண்டும் என்றும் சொல்லியிருப்பார்கள். உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், "இதையெல்லாம் ஒரு மெசேஜில போட்டு முடிச்சா என்ன?" என்று கேட்டாராம். முதலாளியின் மகள் என்னிடம் சொல்லிச் சிரித்தார். "நீங்களே எழுதிக் குடுங்க அங்கிள். நான் சொன்னாப் பிரசங்கம் மாதிரி இரிக்கும்" என்றார். நான் சொன்னாலும் பிரசங்கமாகத்தான் இருக்கும். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? ஆனாலும் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, அதனால் பதில் எழுதுகிறேன்.

எங்கள் பேக்கரியைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஏறாவூரில் இருக்கிற ஒரு பேக்கரி இத்தனை புது விசயங்களை எப்படிச் செய்கிறது என்று கேட்பார்கள். மா பிசையும் மெஷினைப் பார்ப்பார்கள், பாண் சுடும் போறணையைக் குனிந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். நான் அவர்களைப் பின்பக்கத்துத் தேத்தண்ணி மேசைக்குக் கூட்டிப்போவேன். ஒரு கால் குட்டையான பழைய பலகை மேசை. அதைப் பார்த்ததும் அவர்களுக்கு முகம் விழுந்துவிடும். எனக்கு அந்த முகங்களைப் பார்க்க ஆசை.

அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு. பின்னேரச் சுற்றுக்கு வண்டிகள் கிளம்பும் முன் போறணைக்காரர், வண்டி ஓட்டுகிறவர்கள், கணக்கர் எல்லோரும் வந்து உட்கார வேண்டும். பிளேன்டீ வரும். அன்றைக்குத் தான் விட்ட பிழை ஒன்றை ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டும். முதலில் சொல்கிறவர் முதலாளி. அவர் வாயைத் திறக்கும் வரை வேறு யாரும் சொல்லக்கூடாது.

நான் இங்கே வருவதற்கு முன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அங்கே பிழை என்றால் டிரைவருடையது, டிரைவரைக் கேட்டால் கண்டக்டருடையது. அப்படி வளர்ந்தவனுக்கு இந்த மேசை பெரிய கூத்தாகத் தெரிந்தது. வண்டிகளை எந்தப் பாதைக்கு அனுப்புவது என்று பார்க்கும் வேலைக்குத்தான் என்னை எடுத்தார்கள். சேர்ந்த அன்று முதலாளி சொன்ன பிழை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஈஸ்ட் வாங்கிவர மறந்துபோய், அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கடைக்காரர்மேல் பழியைப் போட்டாராம். "மறந்தது பெரிய பிழையில்ல. பழி போட்டதுதான் பிழை. போன் எடுத்து அவருக்கிட்டச் சொல்லிட்டன்" என்றார். சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காதது போலத் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

போறணைக்காரர் சித்தீக் நானா எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். தனக்குப் பிழையே வராது என்று நம்புகிற மனிதர். "எனக்கு இண்டைக்கு ஒண்டுமில்ல" என்பார். "அப்ப நாளைக்கு ரெண்டாச் சொல்லுங்க நானா" என்பார் முதலாளி. இன்னொரு பையன் நாள் தவறாமல் "நித்திரையாப் போயிட்டன்" என்று ஒரே பிழையைக் கொண்டுவந்தான். அதே பிழையை இரண்டாம் தரம் கொண்டுவந்தால் தேத்தண்ணி கிடையாது என்ற சட்டம் அவனால்தான் வந்தது.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை முதலாளியைக் கேட்டேன். கத்தாரில் பெரிய பேக்கரி ஒன்றில் அவர் வேலை செய்தார். அங்கே மேற்பார்வையாளர் எதற்கும் கத்துகிற ஆள். ஒரு மெஷினின் பெல்ட் வழுக்குவது ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. தான்தான் அதைத் தவறாகப் பூட்டினேன் என்று சொல்லப் பயந்து அவன் பேசாமல் இருந்துவிட்டான். அடுத்த ஷிப்டில் நின்ற இன்னொருவருக்கு அதில் விரல் போனது. "அந்த விரல எடுத்தது மெஷின் இல்ல அண்ணன், பயம்" என்றார் முதலாளி. "நான் சொந்தமா ஒரு போறண வச்சா, அங்க ஆரும் பயத்தில வாய மூடிக்கிட்டு இரிக்கப்படாது எண்டு அண்டைக்கே நினைச்சன்." வயதில் நான் மூத்தவன் என்பதால் என்னை எப்போதும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். சம்பளம் தருகிறவர் அப்படிக் கூப்பிடும்போது முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது.

இனி அந்தப் போன் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

பாண் வண்டிக்குப் பாட்டு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். முச்சக்கர வண்டியின் கூரையில் ஸ்பீக்கர், அதில் கிலுகிலு என்று ஒரு மெட்டு. அதைக் கேட்டால் பிள்ளைகள் வாசல் படலைக்கு ஓடி வருவார்கள். எங்கள் முதல் வண்டியின் ஸ்பீக்கர் ஊரிலேயே பெரிது. முதலாளிக்கு அதில் ஒரு தனிச் சந்தோசம். பாதை காட்டுவதற்காக ஒரு நாள் என்னையும் முன்னால் ஒடுக்கி வைத்துக்கொண்டு, தன்னாமுனைப் பக்கம் அவரே வண்டியை ஓட்டிப் போனார்.

ஒரு ஒழுங்கைக்குள் திரும்பினோம். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் கண்டோம், முன்னால் செத்த வீடு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படலைக்கு வெளியே வருகிறார்கள். எங்கள் கூரையில் கிலுகிலு. முதலாளி சுவிட்சைத் திருகினார், நிற்கவில்லை. மறுபடி திருகினார், சத்தம் கூடியது. பெட்டியைத் தூக்கியவர்கள் நின்று எங்களைப் பார்த்தார்கள். நான் பூமி பிளந்தால் இறங்கிப்போகலாம் என்று இருந்தேன். முதலாளி எட்டி ஸ்பீக்கர் வயரைப் பிடித்து ஒரே இழுவையில் அறுத்தார். பிறகு இறங்கி, வண்டிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெட்டி எங்களைத் தாண்டிப் போய் முடியும்வரை அவர் நிமிரவில்லை.

அடி விழும் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். வந்தது ஒரு அம்மா. இறந்தவரின் அக்கா என்று பிறகு தெரிந்தது. அழுது வீங்கிய முகம். "தம்பி, பாண் கிடக்கா? நேத்தையில இருந்து வீட்டில அடுப்பு மூட்டல்ல. புள்ளையள் பசியில கிடக்குதுகள் கா" என்றார்.

வண்டியில் இருந்த அவ்வளவையும் இருவருமாக இறக்கினோம். அந்த அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனார். "அக்கா, இப்ப அதக் கதைக்கிற நேரமா? போய்ப் புள்ளைகளுக்குக் குடுங்க" என்றார் முதலாளி.

அன்றைய மேசையில் அவர் சொன்ன பிழை இதுதான். மறைக்காமல், சுவிட்சைக் குறை சொல்லாமல் சொன்னார். "ஒரு ஒழுங்கைக்குள்ள என்ன நடக்குது எண்டு தெரியாம நான் பாட்டோட போயிட்டன். இனி எப்பிடித் தெரிஞ்சிக்கிட்டுப் போறது, அதச் சொல்லுங்க" என்றார். வெள்ளைக் கொடி கட்டியிருந்தால் தெரியும்தானே என்று ஒருவர் சொன்னார். "எங்கட முஸ்லிம் மையத்து வீட்டில கொடி கட்டுறல்லயே. பின்னேரத்துக்குள்ள அடக்கியும் போடுவம்" என்றார் சித்தீக் நானா. அப்படியே பேசிப் பேசி, ஒழுங்கைக்கு ஒரு வீட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வண்டி போகும் முன் எடுத்துக் கேட்பது என்று முடிவானது. கேட்பது யார்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கண்டக்டருக்கு வாய் இருக்கிறது என்ற நினைப்பு.

கேள்வி ஒன்றுதான். "இண்டைக்கு உங்கட ஒழுங்கையில வண்டி பாட்டோட வரலாமா?"

தொடக்கத்தில் சனம் சிரித்தது. பாண்காரன் உத்தரவு கேட்கிறான் என்று கதை பரவியது. நானும் மனைவியும் செங்கலடியில் இருந்தோம். எங்கள் ஒழுங்கைக்கு வேறு வீடு தேடுவானேன் என்று என் வீட்டு நம்பரையே போட்டுக்கொண்டேன். ஆகவே நாள் தவறாமல் என் மனைவிக்கே எடுத்து, வண்டி பாட்டோடு வரலாமா என்று கேட்க வேண்டியதாயிற்று. "விடிஞ்சதில இருந்து உங்கட பாட்டக் கேட்டது காணாதா? சரி, வரட்டும், மீன் பணிஸ் ரெண்டு வைக்கச் சொல்லுங்க" என்பாள். மேசையில் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொல்வாள்.

அந்த மீன் வைத்த பன் ரெண்டில்தான் விசயம் இருந்தது என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்ன சனம், கேட்காததையும் சொல்லத் தொடங்கியது. இங்கே ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதினை, பாட்டு வேண்டாம். கோயிலில் சடங்கு தொடங்கிவிட்டது, மீன் பணிஸ் கொண்டு வராதீர்கள், சீனிச் சம்பல் பணிஸ் கூட வையுங்கள். இன்று எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், பாண் கூட வேண்டும். எனக்கு வாய் வலித்தது. பாட்டை அடிக்கடி நிறுத்தினால் வியாபாரம் வேறு பேக்கரிக்குப் போகும் என்று முதலாளியிடம் முறைப்பட்டும் பார்த்தேன். "பாட்டுக்கு வாற சனம், இதவிட நல்ல பாட்டு வந்தா அங்க போயிரும் அண்ணன். கேட்டுட்டு வாறான் எண்டு வாற சனம் போகாது" என்றார். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. ஆனால் போனை எடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாமற்போன அந்தக் காலம் வந்தது. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். பெற்றோல் செட்டுக்கு வெளியே வண்டிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கும். கோதுமை மா வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. எங்கள் போறணை விறகுப் போறணை என்பதால் நெருப்பு அணையவில்லை, அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்தில் பாண் வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. ஒழுங்கை ஒழுங்கையாகப் பாட்டுப் போட்டுச் சுற்றுவதற்குப் பெற்றோல் எங்கே இருக்கிறது?

ஒரு நாள் மத்தியானம் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது. ஒரு வண்டிக்குத்தான் பெற்றோல் தேடலாம், மற்ற வண்டிகளை நிறுத்தப் போகிறேன் என்றார். நிறுத்தினால் ஓட்டுகிற பையன்கள்? ஒருவனைத் தவிர மற்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்றார். "தேத்தண்ணி முடிஞ்சாப்போல நானே சொல்லுறன். நீங்க பக்கத்தில நில்லுங்க அண்ணன்."

அந்தப் பையன்களில் ரூபன் என்று ஒருவன். மாங்கேணியில் கடலுக்குப் போகிற குடும்பம். படகுக்கும் எண்ணெய் இல்லாததால் அப்பா கரையில் இருந்தார். வீட்டில் உழைப்பு என்று இருந்தது அவனுடைய சம்பளம் மட்டும்தான். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். பால்மாவுக்குக் கூட வரிசையில் நிற்க வேண்டியிருந்த நாட்களில் அவனை வீட்டுக்குப் போ என்று சொல்வதென்றால் என்ன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மேசைக்குப் போனோம். அவன் எனக்கும் சேர்த்துக் கதிரையை இழுத்துப் போட்டான்.

தேத்தண்ணி வந்தது, அன்று சீனி இல்லாத தேத்தண்ணி. வழக்கம்போல முதலாளி தொடங்க வேண்டும். அவர் தொடங்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சித்தீக் நானா இருமினார். என்ன முதலாளி, இன்று பிழையே விடவில்லையா என்று யாரோ பகிடி விட்டார்கள்.

"இண்டையப் பிழைய நான் இன்னும் செய்யல்ல" என்றார் முதலாளி. "இந்தத் தேத்தண்ணியக் குடிச்சி முடிஞ்சாப்போல செய்யப் போறன். ஒரு ஆள விட்டுட்டு மத்த வண்டிக்காரர் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பப் போறன். பிழ எண்டு எனக்குத் தெரியிது. வேற வழிதான் தெரியல்ல. ஆருக்காவது தெரிஞ்சாச் சொல்லுங்க. தெரியாட்டியும் ஆரையும் குறை சொல்ல மாட்டன்."

எத்தனையோ முதலாளிமாரை நான் கண்டிருக்கிறேன். முடிவை எடுத்துவிட்டு, அது சரி என்று நிரூபிப்பதற்காகவே கூட்டம் வைப்பார்கள். செய்யப்போகிற பிழையை, செய்வதற்கு முன்பே, அது யாரைப் பாதிக்குமோ அவர்களுக்கு முன்னால் வைத்த மனிதரை நான் அன்றுதான் கண்டேன்.

முதலில் வாய் திறந்தது ரூபன். அழுதுவிடுவான் என்று நினைத்தேன், அவன் என்னைப் பார்த்துக் கேட்டான். "அண்ணே, எந்த ஒழுங்கைக்கு எத்தின பாண் எண்டு உங்களுக்குப் போன்ல தெரியும்தானே?"

"ஓம், தெரியும்."

"அப்ப வண்டி என்னத்துக்கு ஒழுங்கைக்குள்ள வரணும்? ஒரு வண்டி மெயின் ரோட்டால போகட்டும். ஊருக்கு ஊர் நாங்க சைக்கிளோட நிக்கிறம். எங்கட பங்க இறக்கித் தந்தாச் சரி."

சைக்கிளில் மழை வந்தால் பாண் நனையுமே என்றார் கணக்கர். பழைய வண்டிகளின் பெட்டியைக் கழற்றி வெட்டிக் கட்டலாம் என்றார் இன்னொருவர். மா இல்லாமல் எதைச் சுடுவது என்று சித்தீக் நானா கேட்டார். பாணின் நிறையைக் கொஞ்சம் குறைத்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு குரல் வந்தது. "எனக்குத் தெரியும்" என்றார் முதலாளி. அதற்குமேல் அந்தக் கதை போகவில்லை. "சின்னப் பாண் போடுவம். சின்னப் பாண் எண்டு சொல்லியே விப்பம், சின்ன விலைக்கு" என்றார். அரிசி மாவைக் கலந்து பார்க்கலாம் என்று தொடங்கியதும் அந்தப் பேச்சில்தான். முதல் தரம் வந்த அரிசிமாப் பாணை வைத்து மதில் கட்டியிருக்கலாம். முதலாளி அதை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, தேத்தண்ணியில் தோய்த்து, முழுவதையும் தானே தின்றார். "இது என்ட பிழ, நானே திண்டு தீக்கிறன்" என்றார். பிறகு தரம் தரமாகப் பார்த்துச் சித்தீக் நானா அதைச் சரிக்கட்டினார். நீங்கள் இப்போது பெருமையாக விற்கிற அரைப் பாண் அதுதான்.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போன் இருந்ததால் கிலோமீட்டருக்குக் கிலோமீட்டர் அலைய வேண்டியிருக்கவில்லை. சுட்ட பாண் மிஞ்சவும் இல்லை. ஒரு வண்டி, அதன் பின்னால் சைக்கிள்கள், பாட்டுக் கிடையாது, மணி மட்டும். மற்ற வண்டிகள் வராத ஒழுங்கைகளில் ரூபனின் மணிச் சத்தத்துக்காகச் சனம் படலையில் நின்றது. பெற்றோல் திரும்பி வந்ததும் வண்டிகளும் வந்தன, பாட்டும் வந்தது. செத்த வீட்டுக்கு வெட்கப்பட்டுத் தொடங்கிய ஒரு பழக்கம் எங்கள் எல்லோருடைய சோற்றையும் காப்பாற்றியது என்பதை நான் அப்போதுதான் புரிந்துகொண்டேன். நல்ல யோசனை எல்லாப் பேக்கரியிலும் யாரோ ஒருவரின் வாயில் இருக்கும். அதைச் சொல்லப் பயமில்லாத மேசை எல்லா இடத்திலும் இல்லை. எனக்கு அந்த மேசையில் ஒரு கதிரை கிடைத்தது. அதற்காக நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது.

இனி மெசேஜ் கேள்விக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் ஒழுங்கைக்கு என் வீடுதான். எனக்குப் பதிலாகப் போனுக்கு வந்த பிள்ளை என் மனைவிக்கு எடுக்கும். இருவரும் சேர்ந்து என்னைப் பற்றிச் சிரிப்பார்கள். போன வருடம் ஒரு நாள் காலையில் அவள் போய்விட்டாள். நோயில் கிடந்து வருந்தவில்லை, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவள். அன்று என்ன நடந்தது, யார் யார் வந்தார்கள் என்பது எனக்கு ஒழுங்காக நினைவில்லை. பின்னேரம் அவளுடைய போன் அடித்தது. யாரும் எடுக்காததால் நானே எடுத்தேன்.

"இண்டைக்கு உங்கட ஒழுங்கையில வண்டி பாட்டோட வரலாமா மாமி?"

எத்தனை ஆயிரம் தரம் நான் கேட்ட கேள்வி. அதற்கு நான் பதில் சொன்னது அன்றுதான். "வேணாம் புள்ள" என்றேன். அந்தப் பக்கம் என் குரலை அடையாளம் கண்டிருக்க வேண்டும். ஏன் என்று அது கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தது. பிறகு, "விளங்குது ஐயா. நான் பாத்துக்கிறன்" என்றது. வந்தவர்கள் எத்தனையோ பேர் ஆறுதல் சொன்னார்கள். என் நெஞ்சில் நின்றது அந்தக் கொஞ்ச நேர அமைதிதான்.

ஒழுங்கையில் பாட்டு இல்லை. கொஞ்சம் கழித்துப் படலையில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ரூபன். அவன் இப்போது பெரிய வான் வண்டி ஓட்டுகிறவன், பிள்ளை பாலர் பள்ளிக்கூடம் போகிறது. அந்தப் பழைய சைக்கிளை எங்கேயிருந்து எடுத்தான் என்று தெரியவில்லை, மணி அடிக்காமல் தள்ளிக்கொண்டே வந்திருந்தான். பெட்டி நிறையப் பாண். பின்னால் முதலாளி நடந்து வந்தார்.

"அடுப்பு மூட்டியிருக்க மாட்டீங்க அண்ணே" என்றான் ரூபன். முதலாளி என் பக்கத்தில் உட்கார்ந்து, பாணைப் பிய்த்து என் கையில் வைத்தார். நான் அதைத் தின்றேன்.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, மெசேஜ் போடாதீர்கள், எடுத்துக் கேளுங்கள். எங்கள் ஒழுங்கைக்கு இப்போது நான்தான் பதில் சொல்கிறேன். பின்னேரம் எடுங்கள், வீட்டில்தான் இருப்பேன்.